அவர் புறப்படுவதற்கு முன்னால் ஒரு நாள்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் நாவலூர்க்காரி. பத்தாவது வரைக்கும் படிச்சவள். மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. "கடன் வாங்கி மாடு வாங்கினேன், தையல் மிஷின் வாங்கினேன்னு எல்லாரும் பேசுவாங்க, நீ வேற ஏதாவது பேசு" என்று ஊக்குநர் அக்கா சொன்னாங்க. அதனால் நான் கடன் வாங்கி ஊர் சுத்தின கதையைப் பேச வந்திருக்கேன். சிரிக்காதீங்க, நிஜம்தான்.

எங்க வீட்டுக்காரர் தரைப்படையில் இருக்கார். பெரியவள் மூணாவது படிக்கிறாள். சின்னவனுக்கு நாலு வயசு. ராணுவத்தில் ஜவான்களுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. கேட்கும்போது நிறைய நாள் மாதிரி இருக்கும். ஆனா அதைப் பிச்சுப் பிச்சுத்தான் எடுக்க முடியும். தம்பி கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன், வீட்டு வேலைன்னு அந்த நாளெல்லாம் ஓடிடும். பிள்ளைகளுக்குன்னு மிஞ்சுறது கொஞ்சம்தான்.

பீஸ் ஏரியாவில் போஸ்டிங் என்றால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும்போது குடும்பத்தைக் கூட்டிட்டுப் போகலாம். பீல்டு ஏரியா என்றால் முடியாது. போன வருஷம் அவர் லீவில் வந்திருந்தப்போ, அடுத்தது லடாக் பக்கம் என்று தெரிஞ்சுபோச்சு. கையில் இருந்தது இன்னும் பதினோரு நாள். அந்த மாசம்தான் வீட்டுக்குத் தளம் போட்டிருந்தோம். பெரியவளுக்கு ஸ்கூல் பீஸும் கட்டியாச்சு. கையில் ஒண்ணும் இல்லை.

ஒரு விஷயம் சொல்லணும். அதுக்கு முந்தின தடவை அவர் கிளம்பினது ராத்திரி, சின்னவன் தூங்கும்போது. காலையில் எழுந்து "அப்பா எங்க?" என்று கேட்டான். அழப்போறானே என்ற பாசத்தில் வீட்டுப் பெரியவங்க, "கடைக்குப் போயிருக்கார், வந்துடுவார்" என்று சொல்லிட்டாங்க. எல்லார் வீட்டிலும் சொல்றதுதானே! ஆனா அந்தப் பிள்ளை அதை நம்பிடுச்சு. சாயங்காலம் ஆனா வாசப்படியில் போய் உட்காருவான். தெருவில் பைக் சத்தம் கேட்டா எழுந்து நிப்பான். ரெண்டு மாசம் இப்படி. அப்புறம் உட்காருறதை விட்டுட்டான். அவர் போனில் கூப்பிட்டாலும் பேச மாட்டேன்னான். அவன் வாசலில் உட்கார்ந்தப்போ இருந்த வலியைவிட, உட்காருறதை விட்டப்போ எனக்கு வலி ஜாஸ்தி.

அதனால் இந்தத் தடவை பிள்ளைகளிடம் சொல்லிட்டுத்தான் போகணும் என்று நாங்க முடிவு பண்ணினோம். அழுகிற வீட்டில், சொந்தக்காரங்க வந்து போகிற கூட்டத்தில் சொல்ல முடியாது. ஒரு நாள் நாலு பேரும் மட்டும் வெளியே போகணும். நல்லாச் சிரிச்சு விளையாடிட்டு, அப்புறம் நிதானமாச் சொல்லணும்.

குழுக் கூட்டத்தில் 3,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். எங்க குழுவில் மூத்த அக்கா ஒருத்தங்க, "மருந்துக்குக் கேளு, பீஸுக்குக் கேளு. ஊர் சுத்தவா குழுப் பணம்?" என்று கேட்டாங்க. அவங்க கேட்டது நியாயம். அது பன்னிரண்டு பேர் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்த பணம். நான் வாசப்படிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் அதே அக்காதான், "கொடுங்க" என்றாங்க. தீர்மான நோட்டில் 'குடும்பச் செலவு' என்று எழுதப் போனாங்க. "பிள்ளைகிட்ட நிஜம் பேசத்தான் கடன் வாங்குறா, நாம எதுக்குப் பொய் எழுதணும்? சுற்றுலான்னே எழுது" என்று அந்த அக்கா சொல்ல, அப்படியே எழுதினாங்க. நூத்துக்கு ஒரு ரூபா வட்டி, மாசம் 300 வீதம் பத்துத் தவணை. முழுசாக் கட்டி முடிச்சாச்சு.

போனது எங்கேன்னு கேட்பீங்க. ஊட்டி, கொடைக்கானல் இல்லை. நம்ம மாமல்லபுரம்தான். கேளம்பாக்கம், திருப்போரூர் வழியா ஒன்றரை மணி நேரம் பஸ். சாதாரணக் கட்டண பஸ்ஸாப் பார்த்து ஏறினோம். எனக்கு டிக்கெட் இல்லை, சின்னவனுக்கும் இல்லை. "நாட்டைக் காக்கிறவருக்கு மட்டும்தான் இங்க டிக்கெட்" என்று நான் சொல்ல, கண்டக்டரே சிரிச்சுட்டார்.

உள்ளே போக ஆளுக்கு 40 ரூபாய். பதினஞ்சு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். அந்த ஒரே டிக்கெட்டில் ஐந்து ரதமும் கடற்கரைக் கோயிலும் பார்க்கலாம். அர்ச்சுனன் தபசுப் பாறையில் பெரிய யானைக்குக் கீழே குட்டி யானைகள் நிக்கும். பக்கத்தில் ஒரு பூனை ரெண்டு கையையும் தூக்கித் தவம் பண்ணும், அதைச் சுத்தி எலிங்க. அந்தப் பூனையைப் பார்த்துட்டுப் பெரியவளும் ஒத்தைக் காலில் நின்னாள். வெண்ணெய் உருண்டைப் பாறையை அப்பாவும் பையனும் சேர்ந்து தள்ளிப் பார்த்தாங்க. பல்லவர் காலத்திலிருந்து நகராத பாறை, இவங்களுக்கா நகரும்?

கடற்கரையில் பலூன் சுடுற கடை இருக்கும், தெரியுமில்லையா? "எங்க அப்பா மிலிட்டரி" என்று சின்னவன் கடைக்காரரிடம் பெருமையாச் சொல்லிட்டான். கூட்டம் கூடிடுச்சு. பத்துக் குண்டில் உடைஞ்சது மூணு பலூன். "துப்பாக்கி குறி சரியில்லைம்மா" என்று அவர் என்கிட்ட மெதுவாச் சொல்றார். பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் எங்க தெருவில் அந்தக் கதை ஓடுது.

சுண்டல் வாங்கிட்டு மணலில் உட்கார்ந்தோம். அப்போதான் அவர் சொன்னார். "அப்பா அடுத்த ஞாயித்துக்கிழமை ரயில் ஏறுறேன். ரொம்ப தூரம், பெரிய மலை, எல்லாம் பனி. சில நாள் போன் வராது. போன் வரலைன்னா அப்பாவுக்குக் கோபம்னு அர்த்தம் இல்லை, அங்க டவர் இல்லைன்னு அர்த்தம்."

பெரியவள், "சண்டை வருமா?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. அவர், "வரலாம். வராம இருக்கத்தான் நாங்க அங்க நிக்கிறோம்" என்றார். பொய் சொல்லலை. பயமுறுத்தவும் இல்லை.

சின்னவன் கேட்டது, "நீ அங்க போனதும் மலை மேல ஓடுவியா?" அதுக்கு அவர் சொன்ன பதில் எனக்கே புதுசு. லே சுமார் 11,500 அடி உயரம். நம்ம ஊர் கடல் ஓரம். இங்கிருந்து போன உடனே அங்க ஓட முடியாதாம். காத்தில் ஆக்சிஜன் குறைவு, மூச்சு வாங்கும், தலை வலிக்கும், உயிருக்கே ஆபத்தாகும். அதனால் 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரைக்கும் முதல் கட்டமா ஆறு நாள் பழக்குவாங்க. முதல் ரெண்டு நாள் ஓய்வு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நடை. அதுக்கு மேல 15,000 அடி வரைக்கும் போக இன்னும் நாலு நாள், அதையும் தாண்டணும்னா மறுபடி நாலு நாள். எவ்வளவு பலசாலி என்றாலும் இந்த நாளைக் குறைக்க மாட்டாங்களாம்.

நான் அதைக் கேட்டு நினைச்சேன். மலை ஏறுற பட்டாளத்துக்காரர் உடம்புக்கே பழக இத்தனை நாள் கொடுக்கிறாங்க. அப்பா இல்லாத வீட்டுக்குப் பழகப்போற நாலு வயசுப் பிள்ளை மனசுக்கு நாம ஒரு நாள் கொடுக்க வேண்டாமா? தூங்கும்போது கிளம்பிப்போறது, மூச்சுப் பழகாம மலை உச்சியில் இறக்கி விடுற மாதிரிதானே?

அதே சாயங்காலம், பிள்ளைங்க மணலில் கோட்டை கட்டும்போது நாங்க ரெண்டு பேரும் காகிதம் பத்திப் பேசினோம். ராணுவக் குடும்பத்துப் பெண்கள் இதைக் கவனமாக் கேளுங்க. கல்யாணமும் ஒவ்வொரு பிள்ளை பிறந்ததும் யூனிட்டில் 'பார்ட் டூ ஆர்டர்' ஆகப் பதிவாகி இருக்கணும். உங்க பேரில் ஒரு எழுத்து ஆதாரில் ஒண்ணாவும் அங்க வேறாவும் இருந்தா, அவர் இங்க இருக்கும்போதே திருத்தக் கொடுக்கணும். குரூப் இன்சூரன்ஸுக்கும் சேமநிதிக்கும் யார் நாமினி என்று தெரிஞ்சுக்கணும். ஜாயிண்ட் அக்கவுண்ட், டிபெண்டன்ட் கார்டு, கேன்டீன் கார்டு எல்லாம் உங்க கையில் இருக்கணும். உடம்பு சரியில்லை என்றால் பரங்கிமலை ராணுவ மருத்துவமனைக்குப் போகலாம். ஏதாவது சிக்கல் என்றால் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பணியில் இருக்கிறவங்க குடும்பத்துக்கும் உதவும். பேரில் 'முன்னாள்' என்று இருக்கேன்னு ஒதுங்க வேண்டாம். இதைப் பேசினா அபசகுனம் என்று வாயை மூடுறாங்க. குடை எடுத்துட்டுப் போனா மழை வந்துடுமா?

நம்ம தாம்பரத்து மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25-இல் காஷ்மீர் சோபியானில் உயிர் கொடுத்தார். அசோக சக்ரா விருதை அவர் மனைவி வாங்கினதை டிவியில் பார்த்தோம். 'அமரன்' படம் பார்த்துட்டு எல்லாரும் அழுதோம். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி 2020 ஜூனில் கல்வானில் இறந்தார், வீர சக்ரா கொடுத்தாங்க. அந்த வீடுகளை நாடே கும்பிட்டது. கும்பிடத்தான் வேணும். ஆனா நல்லபடியாத் திரும்பி வரப்போற ஆயிரமாயிரம் பேர் வீட்டிலும் பிள்ளைங்க தினமும் காத்திருக்காங்க. டிசம்பர் 7 கொடிநாளுக்கு உண்டியலில் காசு போடும்போது அந்தப் பிள்ளைகளையும் நினைச்சுக்குங்க.

வேலூர் மாவட்டம் கண்ணமங்கலம் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரங்க இருக்கிறதால் அதுக்கு ராணுவப்பேட்டை என்றே பேர். அங்கே ஒரு சந்தேகம் என்றால் பக்கத்து வீட்டில் கேட்டாப் போதும். நம்ம நாவலூரில் கம்பெனிக்காரங்க உண்டு, அடுக்குமாடி உண்டு, என் தெருவில் ராணுவ வீடு என் வீடு ஒண்ணுதான். எனக்குப் பக்கத்து வீடு என் குழுதான்.

அவர் இன்னும் அங்கதான் இருக்கார். அவர் ரயில் ஏறின அன்னைக்கு சென்ட்ரலில் சின்னவன் அழுதான், நல்லா அழுதான். ஆனா மறுநாள் வாசப்படியில் உட்காரலை. போன் வந்தா முதல் ஆளா ஓடிவந்து பேசுறான். "பலூன் சுட்டுப் பழகுறியா?" என்று கேட்கிறான்.

கூட்டமைப்புக்கு ரெண்டு வேண்டுகோள். துபாய்க்குப் போறவர், கப்பலில் போறவர், லாரியில் மாசக்கணக்கில் போறவர் வீடெல்லாம் நம்ம குழுக்களில் இருக்கு. அவங்க புறப்படும் முன்னால் பிள்ளைகளோட ஒரு நாள் வெளியே போகச் சின்ன உள்கடன் கேட்டா, வீண் செலவுன்னு தள்ளாதீங்க. ரெண்டாவது, காகித வேலைக்குத் துணையா ஒரு ஆளைக் கூட அனுப்புங்க. நானே வர்றேன்.

பிள்ளைகளிடம் 'கடைக்குப் போயிருக்கார்' என்று மட்டும் சொல்லாதீங்க.