மந்திரி ஏட்டு ஆன கதை



முப்பது வருஷம் காக்கி போட்டவனை மேடையில் ஏற்றிவிட்டார்கள். கேஸ் கதை வேண்டாம். ஒரு சொல்லின் கதை சொல்கிறேன். ஓய்வுக்குப் பின் ஸ்பானிஷ் மொழி படித்தபோது கையில் சிக்கிய சொல் அது: ‘அல்குவாசில்’.

நீதிபதி உத்தரவிட்டால் ஆளைப் பிடிக்கிறவர், சொத்தை ஜப்தி செய்கிறவர்தான் அல்குவாசில். நம்ம ஊர் ஏட்டும் அமீனாவும் சேர்ந்த மாதிரி. ஆனால் இதன் தாய்வீடு அரபி. அங்கே இது ‘அல்-வசீர்’. அதாவது மந்திரி!

711-இல் ஸ்பெயினில் கால்வைத்த முஸ்லிம் ஆட்சி, 1492 வரை ஏதாவதொரு பகுதியில் நீடித்தது. அந்த நாளில் தங்கிய சொற்கள் ஏராளம். அரபி ‘வ’ ஸ்பானிஷ் நாக்கில் ‘குவ’ ஆனது. கடைசி ‘ர்’ ‘ல்’ ஆனது. ‘அல்காதி’, அதாவது நம்ம காஜி, அங்கே ‘அல்கால்தே’ என்று மேயரானார்.

மந்திரி ஏன் இறங்கினார்? கோர்தோபாவில் வசீர் ஒருவரல்ல, பலர். அவர்களுக்கு மேலே ‘ஹாஜிப்’. பட்டம் மலிந்தால் மதிப்பு குறையத்தானே செய்யும்? 13-ஆம் நூற்றாண்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ தொகுப்பித்த சட்டநூலிலேயே, அரசர் கட்டளைப்படி ஆளைப் பிடிப்பவர், தண்டனையை நிறைவேற்றுபவர் என்றுதான் அல்குவாசிலுக்கு விளக்கம்.

1627-இல் அச்சான கெவேதோவின் நையாண்டி ஒன்றில், அல்குவாசிலைப் பிடித்த பேயே, ‘இவனுக்குள் இஷ்டமில்லாமல் மாட்டிக்கொண்டேன்’ என்று புலம்புகிறது! படித்ததும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. சர்வீசில் ஒருநாள், வெறும் விலாசம் விசாரிக்க ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்த குழந்தை என்னைப் பார்த்ததும் வீறிட்டு, தாயின் முந்தானைக்குள் ஒளிந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை. எனக்கு முன்னால் அந்தத் தெருவுக்குப் போன யாரோ செய்திருக்கிறார்கள்.

‘வசீர்’ என்பதற்கு அரபி அறிஞர்கள் சொல்லிவந்த பொருள், ‘பாரம் சுமப்பவர்’. மந்திரி ஏட்டாகலாம், பாரம் குறையவில்லை. மாணவர்களே, உங்களில் சிலர் நாளைக்கு அந்த உடுப்பைப் போடுவீர்கள். கதவைத் தட்டுமுன் அந்தக் குழந்தையை நினைச்சுக்குங்க.