கருவறைக்கும் ஒரு காலம் உண்டு
(திருக்கோயில் மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இறைவன் எழுந்தருளியிருக்கும் இடத்தையும், தாயின் வயிற்றிலே சேய் தங்கும் இடத்தையும் கருவறை என்னும் ஒரே சொல்லால் வழங்குவது தமிழ். திருக்கோயிலில் நடை சாத்தியிருக்கும் வேளையில் நாம் கதவைத் தட்டித் திறப்பதில்லை. திறக்கும் நேரம் வரை கைகூப்பிக் காத்து நிற்கிறோம். மற்றொரு கருவறைக்கும் அதற்குரிய காலம் உண்டு என்பது பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

மணிவாசகப் பெருமான் போற்றித் திருவகவலிலே கரு வளரும் பத்துத் திங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிச் சொல்கிறார். திங்கள்தோறும் ஓர் இடையூறு; அதனின்று உயிர் தப்பிப் பிழைக்கிறது. பத்தாம் திங்களில் தாயையும் உடன் சேர்த்துக்கொள்கிறார். அப்போது படும் துயரம் இருவருக்கும் பொது என்பது அவர் கருத்து. ஒரு திங்களையேனும் அவர் விட்டுவிடவில்லை என்பதை நீங்கள் கருதிப் பார்க்க வேண்டும். திருமூலரும் திருமந்திரத்தில் கர்ப்பக்கிரியை எனத் தனிப் பகுதியே வகுத்தார்.

“மருத்துவர் ஒன்பது மாதம் என்கிறார்களே, நாம் ஏன் பத்து என்கிறோம்?” என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. கணக்கில் பிழையில்லை. இருபத்தெட்டு நாள் கொண்ட திங்கள் பத்து என்றால் 280 நாள். மருத்துவர் கூறும் நாற்பது வாரமும் அதுவே. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணும் கணக்கு இது.

அந்த நாற்பது வாரத்தில் நிகழ்பவை வியப்பிற்குரியன. ஆறாம் வாரமளவில் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. மூன்று திங்கள் நிறைவதற்குள் கைவிரலும் கால்விரலும் பிரிந்துவிடுகின்றன. இருபத்தைந்தாம் வாரத்தையொட்டி வெளியோசைக்குக் குழந்தை அசைந்து கொடுக்கிறது. ஏழாம் திங்களில் வளைகாப்பு நடத்தி வளையல் ஒலி கேட்கச் செய்த நம் மூதாட்டியர் எந்தக் கருவியைக் கொண்டு இதனை அறிந்தனரோ! ஏழாம் திங்கள் முடியும் தறுவாயில் இமைகள் திறக்கின்றன.

பிந்தி முதிரும் உறுப்புகளுள் ஒன்று நுரையீரல். அதன் நுண்ணிய காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி காக்கும் ஒரு நெய்ப்புப் பொருள் ஆறாம் திங்களில் சிறிது சிறிதாகச் சுரக்கத் தொடங்கி, முப்பத்தைந்தாம் வாரத்திற்குப் பின்னரே போதுமான அளவை எட்டுகிறது. அதன் பின்னும் வேலை முடிந்துவிடுவதில்லை. மகப்பேற்று வலி தோன்றும்போதுதான் நுரையீரலில் தேங்கிய நீர் விரைந்து வற்றுகிறது. ஆகவே, தக்க காரணமின்றி முப்பத்தொன்பது வாரம் நிறையுமுன் அறுவை செய்தல் கூடாது என்பது மருத்துவ நூலார் கொள்கை.

கருவிலிருக்கும் உயிரைச் சட்டமும் மறக்கவில்லை. தந்தை இறக்கும்போது கருவிலிருந்து, பின்னர் உயிருடன் பிறக்கும் குழந்தைக்கு முன்பே பிறந்த குழந்தையைப் போலச் சொத்தில் பங்கு உண்டு என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். ஆணா பெண்ணா எனக் கருவிலேயே பார்த்துச் சொல்வதைக் குற்றமாக்கியது 1994ஆம் ஆண்டுச் சட்டம். கருக்கலைப்பைப் பற்றிய சட்டம் வேறு. தாயின் உயிரும் நலனும் அதில் முன்நிற்கின்றன. அது நிற்க. குழந்தைக்குரிய நாள்களை நாள் பார்த்து வெட்டிக் குறைக்கும் வழக்கம் மட்டும் நம் இல்லங்களில், நம் கையாலேயே நடைபெறுகின்றது.

இதற்குக் கோச்செங்கட்சோழரை மேற்கோள் காட்டுவோர் உளர். பெரியபுராணம் கூறும் வரலாறு நீங்கள் அறிந்ததே. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் இக்குழந்தை உலகாளும் எனச் சோதிடர் உரைக்க, கமலவதியார் தம் கால்களைப் பிணித்துத் தலைகீழாகத் தூக்கச் செய்தார். காலம் தாழ்த்துப் பிறந்த மகவின் கண்கள் சிவந்திருந்தன. அன்னையார் உயிர் துறந்தார். இதனை இக்காலத்தில் யாரும் செய்யத் துணியலாகாது. பேறு தாமதித்தாலும் இடர்தான். ஆயினும் ஒன்று கேட்கிறேன். அங்கே விலை கொடுத்தவர் யார்? தாய் தம் உயிரைக் கொடுத்தார். நாமோ குழந்தையின் மூச்சிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம். மேலும், திருவானைக்காவில் சிலந்தியாகப் பிறந்து பந்தரிட்ட அன்பினாலன்றோ அவர் அரசரானார்?

பிறரைக் குறை கூறுவதாக எண்ண வேண்டா. என் தந்தையாரிடம் பஞ்சாங்கம் கற்றவன் நான். 2011ஆம் ஆண்டு என் மகளுக்கு நாள் குறித்தவனும் நானே. அறுவை செய்தே குழந்தையை எடுக்க வேண்டுமென்பது முன்பே முடிவாகியிருந்தது. இரண்டு வாரம் பொறுக்கலாம் என்றார் மருத்துவர். “அதற்குள் நல்ல நட்சத்திரம் போய்விடும்” என்று வற்புறுத்தினேன். முப்பத்தேழாம் வாரத் தொடக்கத்தில் பெயரன் பிறந்தான். குறித்த இலக்கினம் இம்மியும் பிசகவில்லை. குழந்தைக்கு மட்டும் மூச்சு சீராக வரவில்லை. ஆறு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். மூன்றாம் நாள் என் மகள் கேட்டாள்: “அப்பா, நல்ல நேரம் என்று எடுத்தோமே, அந்த நேரத்தில் அவன் மூச்சுக்கல்லவா திணறினான்?” நாற்பதாண்டு இலக்கணம் படித்தவனுக்கு விடை கூற ஒரு சொல் கிடைக்கவில்லை. திருவருளால் பிழைத்தான், இன்று நலமாக இருக்கிறான்.

பாபநாசத்திற்கு அருகில் திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை எழுந்தருளியிருக்கின்றாள். முனிவரின் சாபத்தால் கலைந்த வேதிகையின் கருவை அம்பிகை குடத்திலே வைத்துக் காத்தாள் என்பது தலவரலாறு. குடத்திலிருந்தும் உரிய காலம் நிறைந்த பின்னரே குழந்தை வெளிவந்தது. சுகப்பேறு வேண்டி அங்கே விளக்கெண்ணெய் பெற்றுவரும் தாய்மார்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். தாய்க்கோ சேய்க்கோ இடர் என மருத்துவர் கூறினால் எந்த நாளும் நல்ல நாளே. இராகுகாலம் என்றும் தயங்குதல் ஆகாது.

அன்றுமுதல் நாள் கேட்டு வருவோரிடம், எத்தனையாவது வாரம் என்று முதலில் கேட்கிறேன். சென்ற தை மாதத்தில் ஓர் அன்பர் தம் மனைவியின் பெற்றோருடன் வந்தார். முப்பத்தாறாம் வாரம், மூலம் வருமுன் எடுத்துவிட வேண்டும் என்றார். பஞ்சாங்கத்தை மூடிவிட்டேன். “பிறந்த நேரத்தைக் கொண்டு வாருங்கள் தம்பி, சாதகம் எழுதித் தருகிறேன்” என்றேன். மனக்குறையோடுதான் சென்றார். மாசியில் மூல நட்சத்திரத்திலேயே பெண் குழந்தை தானாகப் பிறந்தது. சாதகத்தை எழுதிக் கொடுத்தேன். சென்ற வெள்ளியன்று இதே மண்டபத்தில் பாட்டியின் மடியிலிருந்து, தீபாராதனை மணிக்கு அக்குழந்தை தலையைத் திருப்பிப் பார்த்தது.