கை சில்லிட்டால் காத்திருக்காதீர்கள்

(நமது சங்கக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மருந்தாளுநரான உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பணியில் இருந்தபோது, திருச்சுழிப் பக்கமிருந்து ஒருவர் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். “செங்கல் அடுக்கில தேள் கொட்டிருச்சு, வலிக்கு ஒரு மாத்திரை குடுங்க சார்” என்றார். பையனின் கையைத் தொட்டேன். நல்ல வெயிலிலும் சில்லென்று இருந்தது. உடனே டாக்டரிடம் ஓடினோம். பிழைத்தான். அந்தச் சில்லிப்பைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் ரத்தக் குழாய்ச் சுவரின் தசையில் ‘ஏற்பி’ என்னும் நுண்ணிய பூட்டுகள் உள்ளன. நரம்பு நுனியில் சுரக்கும் நாரட்ரினலின்தான் சாவி. சாவி திரும்பினால் குழாய் சுருங்கும். இந்தப் பூட்டுகளில் ஆல்ஃபா, பீட்டா என இரு வகை உண்டு என்று 1948இல் அமெரிக்க அறிஞர் ஆல்குவிஸ்ட் எழுதினார். ஆல்ஃபாவிலும் இரண்டு உண்டு என்பது பிறகு தெரிந்தது. ஆல்ஃபா-1 குழாயைச் சுருக்குவது. நரம்பு நுனியில் இருக்கும் ஆல்ஃபா-2, “சுரந்தது போதும்” என்று நிறுத்தும் பிரேக்.

செந்தேளின் விஷம் நரம்புகளைத் தூண்டி, சாவிகளைக் கொத்துக் கொத்தாக வெளியே தள்ளுகிறது. குழாய்கள் இறுகுகின்றன. கை கால் சில்லிடும், வியர்த்துக் கொட்டும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் ஏறும். இதயம் தாங்காமல் போனால் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

மகாராஷ்டிராவின் மகாட் வட்டாரக் கிராமங்களில் இப்படிப் பலர் இறப்பதைப் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். அது ஆல்ஃபா-1 பூட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் திரும்பாது. சாவிக்கு இடம் கிடைக்காததால் குழாய் தளரும். பழைய மருந்துகள் ஆல்ஃபா-2 பிரேக்கையும் சேர்த்து அடைத்தன. இது அதைத் தொடுவதில்லை. பலனை 1986இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். சாவுகள் வெகுவாகக் குறைந்தன. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இப்போது நாம் செய்ய வேண்டியது. தேள் கொட்டினால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கப் போய் நேரத்தை விடாதீர்கள். வலி குறைவு என்று நினைத்து வீட்டில் இருந்துவிடவும் கூடாது. கை காலைத் தொட்டுப் பாருங்கள். சில்லிட்டாலோ, வியர்த்தாலோ, வாந்தி எடுத்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். குழந்தை என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. தாத்தாவின் பிரஷர் மாத்திரையை நீங்களாக எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எல்லாப் பிரஷர் மாத்திரையும் ஒரே பூட்டுக்குப் போவதில்லை. சில வகை கெடுதலே செய்யும். பிரசோசினே என்றாலும், எழுந்து நின்றதும் அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழலாம். அளவைத் தீர்மானித்து, பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டியவர் டாக்டர்.

மழைக்காலம் வருகிறது. விறகையும் செங்கலையும் கையை விடுமுன் குச்சியால் தட்டுங்கள். செருப்பை உதறிப் போடுங்கள்.