வெம்மையும் தண்மையும்: உயிரணுவின் இருவேறு மறுமொழிகள்



மாந்த உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37° செல்சியஸ். அதற்கு மேல் ஐந்தாறு பாகை ஏறினாலே உயிரணுவின் வாழ்வு ஊசலாடத் தொடங்குகிறது. கீழே பத்துப் பாகை இறங்கினாலோ அது பல மணி நேரம் தாங்கி நிற்கிறது. வெம்மையும் தண்மையும் எதிர்ச்சொற்கள் என்பது மொழி வழக்கு. உயிரணுவைப் பொறுத்தவரை அவை ஒரே அளவுகோலின் இரு முனைகள் அல்ல, இருவேறு இடர்கள். அவற்றுக்கு அது தரும் மறுமொழிகளும் வேறுவேறு.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சரம். அச்சரம் உரியவாறு மடிந்தால்தான் தன் தொழிலைச் செய்யும். சூடு மிகும்போது மடிப்புக் குலைந்து, உள்ளே மறைந்திருக்க வேண்டிய பகுதிகள் வெளிப்படுகின்றன. அவ்வாறு குலைந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. வெந்த முட்டையின் வெண்கரு மீண்டும் நெகிழாமைக்குக் காரணம் இதுவே.

இந்த இடருக்கு உயிரணு தரும் மறுமொழி முதலில் புலப்பட்டது பாலூட்டியிடம் அன்று, பழ ஈயிடம். இத்தாலியில் பெரூச்சியோ ரிட்டோசா என்னும் மரபியல் அறிஞரின் ஆய்வகத்தில், ஈக்களின் திசுக்கள் இருந்த பெட்டியின் வெப்பத்தை உடன்பணியாளர் ஒருவர் கூட்டிவைத்துவிட்டார். உமிழ்நீர்ச் சுரப்பியின் குரோமோசோம்களில் வழக்கத்துக்கு மாறான இடங்கள் உப்பி நின்றன. உறங்கிய மரபணுக்கள் விழித்தெழுந்ததன் அடையாளம் அது. 1962இல் ரிட்டோசா இதனை வெளியிட்டார். உயிரியலுக்கு இதனால் பயன் இல்லையென்று பெயர்பெற்ற இதழ் ஒன்று அதற்கு முன் கட்டுரையைத் திருப்பியனுப்பியிருந்தது. எழுத்தாளர் பலருக்கு இச்செய்தி ஆறுதல் தரக்கூடும். அம்மரபணுக்கள் ஆக்கும் 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்' 1974இல் இனங்காணப்பட்டன. பாலூட்டி, மரஞ்செடி, நுண்ணுயிர் என எங்கும் அவற்றின் இனத்தவை உள்ளன.

இவ்வகைப் புரதத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'ஷாப்பரோன்'. 1978இல் ரான் லாஸ்கி வேறொரு புரதத்தைக் குறிக்க ஆண்ட சொல் அது. 1987இல் ஜான் எல்லிஸ் அதனை ஓர் இனம் முழுமைக்கும் விரித்தார். இளம்பெண்ணுக்குத் தகாத தொடர்பு நேராதவாறு உடன்சென்று காக்கும் மூத்த பெண் என்பது அதன் பொருள். இதனைத் 'தோழி' என்று பெயர்த்தால் பொருந்தாது. தமிழ் அகமரபில் தோழி கூட்டத்துக்குத் துணை நிற்பவள். இப்புரதமோ தகாத கூட்டத்தைத் தடுப்பது. 'செவிலி' என்பதே நேரிய சொல். நோயுற்றோரைப் பேணுவோரையும் இன்று அச்சொல்லே குறிப்பது கூடுதல் பொருத்தம்.

சூடு ஏறியதை மரபணுக்கள் எவ்வாறு அறிகின்றன? பாலூட்டியின் உயிரணுவில் எச்.எஸ்.எப்.1 என்னும் ஏவற்புரதம் ஒன்று உண்டு. அமைதிக் காலத்தில் செவிலிப் புரதங்களே அதனைப் பிடித்து வைத்திருக்கின்றன. 42° அளவில் குலைந்த புரதங்கள் பெருகியதும் செவிலிகள் அவற்றைக் காக்க ஓடுகின்றன. பிடி விடுபட்ட ஏவற்புரதம் மும்மூன்றாய் இணைந்து, மரபணுக்களின்மேல் அமர்ந்து, மேலும் செவிலிகளை ஆக்குமாறு தூண்டுகிறது. ஏனைய புரதங்களின் ஆக்கம் அவ்வேளையில் பெரிதும் குறைக்கப்படுகிறது. குலைந்தவை சீரானபின், ஓய்ந்த செவிலிகள் திரும்பிவந்து ஏவற்புரதத்தை மீண்டும் பிடித்துக்கொள்கின்றன. எத்துணை எளிய, எத்துணை நுட்பமான ஏற்பாடு! மிதமான சூடு ஒருமுறை பட்ட உயிரணு, பின்வரும் கடுஞ்சூட்டைத் தாங்குகிறது. மாந்தப் புற்றணுக்களில் இது 1975இல் காட்டப்பட்டது. சில நாள்களில் அத்திறன் மங்கிவிடும்.

குளிரில் இடர் வேறு. உயிரணுவின் சவ்விலுள்ள கொழுப்பு, உறையும் நெய்போல் இறுகுகிறது. சோடியத்தை வெளியேற்றும் இறைப்பான் தளர்கிறது. சோடியம் உள்ளே தங்க, நீரும் பின்தொடர, அணு வீங்குகிறது. மாற்றுச் சிறுநீரகத்தை 4° அளவில் எடுத்துச் செல்லும் கரைசல் இவ்வீக்கத்தைத் தடுக்கவே அமைந்தது.

32° போன்ற மிதமான குளிரில் நிகழ்வதோ வேறு. உயிரணுவின் பெருக்கமும் பொதுவான புரத ஆக்கமும் தளர, சிர்ப், ஆர்.பி.எம்.3 என்னும் இரு புரதங்கள் மிகுகின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் இதனைக் காட்டினர். இவை குலைந்த புரதங்களைத் தாங்குவன அல்ல, ஆர்.என்.ஏ.வைப் பற்றிநிற்பன. நரம்பு நோயுற்ற எலிகளைத் தொடக்க நிலையிலேயே குளிர்வித்தபோது ஆர்.பி.எம்.3 மிகுந்து நரம்பு இணைப்புகளைக் காத்ததாகப் பிரித்தானிய ஆய்வு ஒன்று 2015இல் தெரிவித்தது.

குளிரின் இத்தகைய காப்பை மருத்துவமும் நாடியது. பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதிப்புற்ற குழந்தையை 33°–34° அளவில் 72 மணி நேரம் வைத்துக் காப்பது செல்வ நாடுகளில் நிலைபெற்ற முறை. அம்முறையை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்தது ஹெலிக்ஸ் ஆய்வு. 2021இல் வெளியான அதன் முடிவு நெஞ்சை உறுத்துவது. குளிர்விக்கப்பட்ட குழந்தைகளுள் 42 விழுக்காட்டினர் இறந்தனர். குளிர்விக்கப்படாதவருள் 31 விழுக்காட்டினர். இங்கே பல குழந்தைகளுக்குப் பாதிப்பு பிறப்புக்கு நெடுநேரம் முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கூறும் விளக்கங்களுள் ஒன்று. உயர்நிலைத் தீவிரச் சிகிச்சை வசதி இருப்பினும், வருவாய் குறைந்த நாடுகளிலும் இடைநிலை வருவாய் நாடுகளிலும் இம்மருத்துவத்தைக் கைக்கொள்ள வேண்டா என்றே அவர்கள் பரிந்துரைத்தனர்.