கொப்பியில் ஒரு வரி



இலக்கிய நிகழ்ச்சிக்கு வந்து இன்ஜினைப் பற்றிப் பேசுகிறாரே என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எங்கள் கரையோரக் கதைகளில் வயலும் தோணியும் வேண்டிய மட்டும் வந்துவிட்டன; கராஜ் வந்தது குறைவு என்பது என் எண்ணம். ஆகவே இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அச்சேறிய நூல் அல்ல, என் தங்கை மகனின் கணக்குக் கொப்பி.

மருமகன் ஒலுவில் துறைமுகக் கரையில் மீன் எடுத்து நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது வழியாகக் கல்முனைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவன். அவனிடமிருப்பது அவனுடைய வாப்பா ஓடிய மொரிஸ் மைனர் பிக்கப். 948 சீசீ இன்ஜின். புதிதாக இருந்தபோதே 37 குதிரைவலுதான். இப்போது பெற்றோலோடு எண்ணெயையும் சேர்த்துக் குடிக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதற்குள் பழைய வாகனங்களின் விலையும் அவன் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. வெளிநாட்டில் உழைத்து மிச்சம் பிடித்த காசு கொஞ்சம் கையிலிருக்கிறது. ஜப்பான் இன்ஜின் ஒன்றை வாங்கி மொரிஸுக்குள் இறக்கிவிடுவது என்று தீர்மானித்தான். கொப்பியின் முதற் பக்கத்தில் ஒரே வரி: "இன்ஜின்", எதிரே ஒரு தொகை, கீழே இரண்டு கோடு.

அந்த ஒற்றை வரிதான் எனக்குப் பயத்தைத் தந்தது. இன்ஜின் மாற்றுகிற காரியத்தில் இன்ஜினின் விலை மிகச் சிறிய பங்கு. மீதிச் செலவெல்லாம் அதைச் சுற்றி நிற்பவற்றுக்கு. துறைமுகக் கரையில் நிற்கிறவனுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2013 செப்டம்பரில் ஒலுவில் துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது. அலைதடுப்புகள் கடலுக்குள் நீண்டன. தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்த மணல் தடைப்பட்டது. வாயிலை மணல் அடைத்தது, வடக்குக் கரையைக் கடல் அரித்தது. கல்லைப் போட்டது ஓரிடத்தில், தென்னை விழுந்தது இன்னோரிடத்தில். "உன் மொரிஸிலும் இப்படித்தானடா நடக்கும்" என்றேன். சிரித்தான். ஆனால் கொப்பியின் இரண்டாம் பக்கத்தைத் திறந்தான்.

மொரிஸ் மைனரின் பிறப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. மாதிரி வண்டி ஒடுக்கமாக இருக்கிறதென்று அதை நீளவாக்கில் நடுவே பிளந்து, நான்கு அங்குலம் அகட்டிப் பொருத்திப் பார்த்தாராம் மனிதர். கராஜ்காரன் செய்கிற வேலையைப் பிறக்கும் முன்பே பார்த்துவிட்ட வண்டி! முதலில் அவர் நினைத்திருந்தது சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் அகலமான இன்ஜினை. அது கைவிடப்பட்டாலும் அதற்காக வைத்த இடம் அப்படியே நின்றது. இன்று வேறு இன்ஜின் வைக்க நினைப்பவர்கள் மொரிஸைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம். பிக்கப்பில் இன்னொரு வசதி: காருக்கு இல்லாத தனிச் செசி அதற்கு உண்டு. புதிய தாங்கிகளைச் செசியிலேயே நிறுத்தலாம்.

ஆனால் எந்த இன்ஜினும் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்ஜின் குறுக்கே கிடக்கிறது; முன் சக்கரங்கள்தாம் இழுக்கின்றன. மொரிஸிலோ இன்ஜின் நீளவாக்கில் நின்று பின் சக்கரங்களைத் தள்ள வேண்டும். இன்ஜினைக் குறுக்கே போடும் வழக்கத்தை உலகமெங்கும் பரப்பியது 1959இல் வந்த மினி. அதை வடிவமைத்தவரும் இதே இஸ்ஸிகோனிஸ்தான்! தன் மூத்த பிள்ளைக்கு அவரே செய்த வேலை என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆகவே தேட வேண்டியது பின் சக்கரம் தள்ளுகிற சின்ன வேன்களின் இன்ஜினை. டொயோட்டா டவுன்ஏஸ் வேன்களில் வந்த இரண்டைக் கராஜ் பாஸ் சொன்னார். ஒன்று கார்புரேட்டர் உள்ள 5கே, 1486 சீசீ. மற்றது 7கே-ஈ, 1781 சீசீ, கணினி அளந்து பெற்றோலைத் தெளிக்கிற வகை. மருமகனின் மனம் இரண்டாவதில். 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்றவன், ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று பார்ப்பதில் குற்றமில்லை.

கணினி இன்ஜின் தனியே வருவதில்லை. கணினி வேண்டும், அதன் கம்பிக் கூட்டம் வெட்டுப்படாமல் வேண்டும், உணர்கருவிகள் வேண்டும், கார்புரேட்டருக்குப் போதுமானதைவிடப் பல மடங்கு அழுத்தம் தரும் பம்ப் வேண்டும், தாங்கியில் எரிபொருள் குலுங்கும்போது பம்ப் காற்றை இழுக்காதிருக்கத் தடுப்பு வேண்டும். பழைய மொரிஸில் பற்றரியின் நேர்முனைதான் வண்டியின் உடம்போடு பொருத்தப்பட்டிருக்கும், ஜப்பான்காரனுக்கு எதிர்முனை. டைனமோ போய் ஒல்டர்னேட்டர் வர வேண்டும். பஞ்சிகாவத்தைக்குப் போய் இன்ஜினை மாத்திரம் மலிவாகத் தூக்கி வந்தவர்கள், ஒரு சின்னப் பெட்டிக்காக மறுபடி கொழும்புக்கு பஸ் ஏறிய கதைகளை அந்தக் கராஜில் கேட்டிருக்கிறேன்.

நான் 5கேயின் பக்கம் நின்றேன். கல்முனைக்கும் ஒலுவிலுக்கும் இடையே மலை கிடையாது. ஏற்றுவது கால் தொன் மீனும் ஐஸும். அதற்கு அந்த இன்ஜினின் சக்தியே, பழையதைப்போல ஏறத்தாழ இரட்டிப்பு. விடியற்காலை நிந்தவூரில் வண்டி நின்றுவிட்டால் கார்புரேட்டரைக் கழற்றி ஊதத் தெரிந்தவன் கூப்பிடு தூரத்தில் இருப்பான். கணினியின் மௌனத்தை வாசிக்கத் தெரிந்தவன் வரும் வரை ஐஸ் பொறுத்திருக்காது.

மூன்று இரவு இதே வாதம். கடைசியில் அவனை அசைத்தது என் பேச்சல்ல, பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம். 37 குதிரையை நிறுத்துவதற்கென்று கணக்கிடப்பட்டவை. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் போடாமல் எந்த இன்ஜினையும் தொட மாட்டேன் என்று பாஸ் சொல்லிவிட்டார். அந்தச் செலவை எழுதியதும் 7கே-ஈக்குக் காசு காணவில்லை.

கியர் பொக்ஸிலும் ஒரு சங்கதி. வேனில் கியர் லீவர் கம்பிகள் வழியே சுற்றி வருகிறது. மொரிஸில் லீவர் பொக்ஸின் மேலேயே நிற்க வேண்டும். ஆகவே இன்ஜின் வேனிலிருந்தும், ஐந்து கியர்ப் பொக்ஸ் பழைய கொரோலாவிலிருந்தும் வரப்போகின்றன. புரொப்பலர் ஷாப்டை வெட்டி, லேத்தில் போட்டு, சமன் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் பெரிதாக வேண்டும்.

பத்திரம் வேறு. பதிவுப் புத்தகத்தில் இன்ஜின் இலக்கம் இருக்கிறது. மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாவிட்டால் விபத்து நேரத்தில் காப்புறுதிக்காரன் அந்தப் புத்தகத்தைத்தான் விரிப்பான். பற்றுச்சீட்டு இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாமென்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது கொப்பியில் ஒன்பது பக்கம் நிறைந்திருக்கிறது. முதல் வாங்குவது பிரேக். இன்ஜின் ஏழாம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது. செசியில் எதையும் வெட்டாமல், பழைய துளைகளிலேயே ஆணி இறுக்கித் தாங்கி செய்ய முடியுமா என்று பாஸ் அட்டையில் அளவு வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முடிந்தால் பழைய இன்ஜின் என்றைக்கும் திரும்பி ஏறலாம். அதை வாங்க ஒருவர் இப்போதே கேட்டிருக்கிறார். சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி, சாக்கில் சுற்றி, வீட்டுப் பின்தாழ்வாரத்தில் வைக்கச் சொல்லித் தங்கை இடம் ஒதுக்கியிருக்கிறாள்.