சொந்த ஊரில் ஆடாத ஆட்டம்

2015ஆம் ஆண்டின் மழைக்காலத்தைத் தாம்பரத்தில் வாழ்வோர் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். அதே மழைக்காலத்தில்தான் சென்னையின் எஃப்.சி. என்னும் நம் ஊர்க் கால்பந்துக் குழு இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. வெள்ளத்தில் துவண்ட நகரத்தைக் கால்பந்து தூக்கி நிறுத்தியது என்று இவ்விரண்டையும் இணைத்துப் பேசுவது அன்றே வழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பந்தயப் பருவத்தைச் சற்றே திரும்பிப் பார்த்தால் நீங்களும் என் பக்கம் வரக்கூடும்.

லீகில் 8 குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் 14 ஆட்டங்கள். முதல் நான்கு இடங்களைப் பெறுவோருக்கே அரையிறுதி. நம்மவருக்குப் பயிற்சியாளர் இத்தாலியரான மார்க்கோ மாட்டராசி. 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜிதான் தலையால் முட்டியது இவர் மார்பில்தான். அந்த ஆட்டத்தில் இவர் கோல் அடித்தவர் என்பதை ஏனோ எவரும் நினைவில் வைப்பதில்லை! குழுவின் தலைவர் பிரேசில் நாட்டு எலானோ. இத்தனை பேரும் புகழும் இருந்தும், பத்து ஆட்டங்கள் முடிந்தபோது சென்னை 10 புள்ளிகளோடு கடைசி இடத்தில் கிடந்தது. வெற்றிக்கு மூன்று புள்ளி என்பது விதி. எஞ்சிய நான்கு ஆட்டங்களையும் வென்று, 22 புள்ளிகளுடன் மூன்றாம் இடத்துக்கு ஏறியது. கொலம்பிய இளைஞர் மெண்டோசா அப்பருவத்தில் அடித்த கோல்கள் 13. அவரைவிட மிகுதியாக அடித்தவர் எவருமில்லை.

அந்த ஏற்றத்தின் நடுவேதான் வெள்ளம் வந்தது. டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு பெருகி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்தைச் சில நாட்கள் மூடினார்கள். 1878 முதல் வெளிவரும் 'தி இந்து' நாளிதழே ஒருநாள் அச்சாகவில்லை என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே, நேரு விளையாட்டரங்கில் நடக்கவேண்டிய அரையிறுதியின் முதல் ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றினார்கள். டிசம்பர் 12 அன்று அங்கே நம் குழு கொல்கத்தாவை 3–0 என்று வென்றது. ப்ரூனோ, ஜெஜெ, மெண்டோசா ஆளுக்கொரு கோல். நம் 'சொந்த மைதான' ஆட்டம் அது. பார்த்தவர்களோ புனே மக்கள்! தாம்பரத்தில் இரயிலேறிப் பார்க் நிலையத்தில் இறங்கி நடந்தால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய அரங்கம் வெறிச்சோடிக் கிடந்தது. எங்கள் தெருவில் அன்று எல்லோரும் சேறு வாரிக்கொண்டிருந்தோம். மதில்மேல் பாய்களும் நனைந்த பள்ளிப் புத்தகங்களும் காய்ந்துகொண்டிருந்தன. மூன்று கோல் என்ற செய்தி மறுநாள்தான் என் காதுக்கு எட்டியது. அதனால் ஒரு வாளிச் சேறும் குறையவில்லை. ஆனால் பத்து நாட்களாகத் தண்ணீரைத் தவிர வேறு பேச்சறியாத தெருவில், கொல்கத்தாவில் என்ன ஆகும் என்று இரு சிறுவர்கள் வாதாடக் கேட்டேன். கால்பந்து செய்தது அவ்வளவே. அதற்குமேல் அதன் தலையில் ஏற்றுவது, சேறு வாரியவர்களுக்கும் நியாயமன்று. பந்து உதைத்தவர்களுக்கும் நியாயமன்று.

கொல்கத்தாவில் 1–2 என்று தோற்றார்கள். ஆயினும் இரு ஆட்டங்களையும் கூட்டினால் 4–2. டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்டா அரங்கில் இறுதியாட்டம். எதிரி கோவா; கூட்டமும் கோவாவுடையது. ப்ரூனோ உதைத்த பெனால்ட்டியைக் கோல்காப்பாளர் கட்டிமணி தடுக்க, திரும்பி வந்த பந்தை ப்ரூனோவே உள்ளே தள்ளினார். ஹாவோகிப் உடனே சமன் செய்தார். 87ஆம் நிமிடத்தில் ஜோஃப்ரே இன்னொன்று அடிக்க, கோவா முந்தியது. 90ஆம் நிமிடத்தில் பந்து அதே கட்டிமணியின் மேல் பட்டுச் சொந்தக் கோலாயிற்று. அடுத்த இரண்டு நிமிடங்களுக்குள் மெண்டோசா மூன்றாவதை அடித்தார். 3–2.

அடுத்த ஆண்டும் மாட்டராசியே பயிற்சியாளர், மெண்டோசா இல்லை. நேரு அரங்கில் மீண்டும் விளக்குகள் எரிந்தன. குழு ஏழாம் இடத்தில் முடித்தது.