வணிகமும் அறமும்



வாணிகர்க்கு உரிய அறிவுரையை வள்ளுவர் எந்த அதிகாரத்தில் வைத்தார் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? பொருள் செயல்வகையில் அன்று. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருளைப் போலவே பேண வேண்டும் என்பது அவர் கருத்து. இன்று வணிக அறம் என்னும் பெயரில் இதனைப் பேராசிரியர்கள் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கின்றனர். பினாங்கு ஜார்ஜ்டவுனிலோ, பேராசிரியர் பதவி எதுவும் இன்றி இப்பாடத்தை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நடத்தினார் ஒருவர். அவர்தாம் எஸ். எம். முகமது இத்ரீஸ்.

1926இல் தமிழகத்தில் பிறந்த அவர், இளமையிலேயே பினாங்குக்கு வந்தவர். தாமே ஒரு வணிகர். 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராக, 2019 மே 17ஆம் நாள் மறையும் வரை பணியாற்றினார். எடைக் குறைவு, கலப்படம், பொய் விளம்பரம் ஆகியவற்றைச் சங்கம் பொதுமக்களுக்கு எடுத்துக்காட்டியது. தமிழ் உட்பட நான்கு மொழிகளில் செய்தித்தாளும் வெளியிட்டது.

சரியான எடை, சரியான விலை. இவை இருந்தால் வாணிகம் அறமாகிவிடுமா? தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு இக்கேள்வி புதிதன்று. விடியுமுன் மரம் சீவப் போன தாய்மார், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்றனர். குழந்தைக்கு டின்பால் கொடுக்கப்பட்டது. பால் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று தண்ணீரைக் கூட்டினர்; அத்தண்ணீரும் எப்போதும் கொதிக்க வைத்ததாக இராது. குழந்தை மெலிந்தது, வயிற்றுப்போக்கு கண்டது. டின்னில் எடை சரிதான். ஆனால் அந்த வீட்டின் நிலையை விற்றவர் எண்ணிப் பார்க்கவில்லை. மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939லேயே சிங்கப்பூரில் இக்கொடுமையைக் கண்டித்துப் பேசினார்.

பினாங்குச் சங்கம் உருவாகத் துணைநின்ற அன்வார் ஃபசால், 1979இல் குழந்தை உணவுக்கான அனைத்துலகச் செயற்கூட்டமைப்பு அமைவதிலும் முன்னின்றார். 1981 மே மாதத்தில், தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பதற்கான நெறிமுறையை உலகச் சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது. ஆதரவாக 118 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே. பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக்கூடாது. தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக்கூடாது என்பன அதன் முக்கிய விதிகள்.

இனி, நம் அனுபவம் ஒன்று. நாம் வளர்ந்த தோட்டத்தில் எல்லார் வீட்டிலும் கடன் புத்தகம் ஒன்று உண்டு. எழுதுபவர் கடைக்காரர்; பணம் கட்டுபவர் அம்மா; அம்மாவுக்கோ படிக்கத் தெரியாது. நான்காம் வகுப்பில் கூட்டல் கற்ற பிறகு, ஒருநாள் அதனைப் படித்துப் பார்த்தோம். ஒரே அரிசி மூட்டை இருமுறை ஏறியிருந்தது. "கேட்டா நாளைக்குக் கடன் கொடுக்க மாட்டாருடா" என்றார் அம்மா. அந்த மாதமும் முழுத் தொகையையும் கட்டினார்.

அறியாமை மட்டுமன்று, அச்சமும் நம்மை ஏமாறச் செய்கிறது என்பதை அன்று உணர்ந்தோம். இத்ரீஸ் போன்றோர் செய்த பெருந்தொண்டு, தனியொருவர் கேட்க அஞ்சியதைச் சங்கமாகச் சேர்ந்து கேட்க வைத்ததேயாகும். மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடுவர் மன்றம் இயங்குகிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்கை, வழக்கறிஞர் இன்றியே அங்குக் கொண்டுபோகலாம். பற்றுச்சீட்டு கையில் இருந்தால் அது உதவும்.

ஆகவே, நம் வகுப்பில் மாணவர்கள் பொட்டலத்து உறைகளைக் கொண்டுவந்து எடை, விலை, காலாவதி நாள், சீனியின் அளவு ஆகியவற்றைப் படிக்கிறார்கள். பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் வீட்டுப் பற்றுச்சீட்டைப் பிள்ளையிடம் கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தவறு இருந்தால், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பணிவாகக் கேளுங்கள். நீங்கள் கேட்பதைப் பிள்ளை பார்க்கட்டும்.